நிறம் பார்த்து வாங்கும் கல்: திண்டுக்கல் சமவெளியின் ஜல்லியும் எம்-சாண்டும்

திண்டுக்கல்லில் வீடு கட்டுகிறவர் ஜல்லி வாங்கப் போனால் முதலில் பார்ப்பது நிறத்தை. நீலம் ஓடிய கருங்கல் என்றால் நல்ல கல், வெளுத்தோ செம்மை கலந்தோ இருந்தால் மட்டம். அடுத்துக் கேட்பது யூனிட் என்ன விலை என்று. எந்த அளவுக் கல் எத்தனை பங்கு இருக்கிறது, தூசி எவ்வளவு, சப்பைக் கல் எவ்வளவு என்ற கேள்விகள் எழுவதே அபூர்வம். இத்தனைக்கும் கான்கிரீட்டின் கன அளவில் 60 முதல் 75 சதவீதம் வரை ஜல்லியும் மணலும்தான். எந்த சிமெண்ட் வாங்குவது என்பதற்குக் குடும்பமே கூடி விவாதிக்கிறது. முக்கால் பங்குப் பொருளோ லாரிக்காரர் கொண்டுவந்து கொட்டுவதாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: திண்டுக்கல் வட்டாரத்தில் கல்லின் வலிமை ஒரு பிரச்சினையே இல்லை. கான்கிரீட்டைக் கெடுப்பவை கல்லின் வடிவம், அளவுகளின் கலப்பு, தூசி, ஈரம் ஆகியவை. இவற்றில் பெரும்பகுதி மலையில் தீர்மானமாவதில்லை. கிரஷரிலும் கட்டடம் நடக்கும் இடத்திலும்தான் தீர்மானமாகிறது.

பாறை

நகரின் நடுவே மொட்டைப் பாறையாக நிற்கும் மலைக்கோட்டையில் தொடங்கி, இந்த மாவட்டம் முழுக்கவே பழம்பாறை நிலம். கொடைக்கானல் மலைத்தொகுதி சார்னோக்கைட் பாறையால் ஆனது. சமவெளியில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும் நைஸ் பாறை பரந்து கிடக்கிறது. இடையிடையே கிரானைட் ஊடுருவல்கள் உண்டு. ஒட்டன்சத்திரம் பக்கம் அனார்த்தோசைட் என்ற அரிய பாறை இருப்பது புவியியல் மாணவர்களுக்குத் தெரியும். சார்னோக்கைட் என்ற பெயர், கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையையும் அந்தக் கல்லறைக் கல்லையும் ஆராய்ந்து 1893இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் தாமஸ் ஹாலண்ட். நம் ஊரில் ‘நீலக் கல்’ என்று விலை கூட்டி விற்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைக் கல்தான்.

இந்தப் பாறைகள் பழுதற்ற நிலையில் சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் தாங்குபவை. வீட்டுத் தூணிலும் கூரையிலும் நாம் போடும் எம்20, எம்25 கான்கிரீட் தாங்க வேண்டியது 20, 25 நியூட்டன். கல் உடையுமுன் அதைச் சுற்றியுள்ள சிமெண்ட் சாந்து விட்டுவிடும். ஆகவே நீலக் கல்லா, வெள்ளைக் கல்லா என்ற சண்டை சாதாரண வீட்டுக்குத் தேவையற்றது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 தேய்மானம் உள்ள தளங்களுக்கு, அதாவது சாலை, நடைபாதை போன்றவற்றுக்கு, கல்லின் மோதல் மதிப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மற்ற வேலைகளுக்கு 45 வரை விடுகிறது. அந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கல் வலியது. பழுதில்லாத சார்னோக்கைட்டும் நைஸும் இந்தச் சோதனையில் தோற்பது அரிது.

தோற்பது மக்கிய பாறைதான். குவாரியின் மேல்தட்டில் வெயிலும் மழையும் தின்ற பாறையில் ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறத் தொடங்கியிருக்கும். கையில் எடுத்து இரண்டு கல்லைத் தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், விரலில் மாவு ஒட்டும். சமவெளியின் கரிசலிலும் செம்மண்ணிலும் கிடைக்கும் சுக்கான் கல் இன்னொரு தொல்லை. சுண்ணாம்பு உருண்டையான அது மென்மையானது, தண்ணீரை உறிஞ்சுவது. ஓடையோரம் அள்ளிய மணலில் இது அதிகம் வரும். நிறம் பார்ப்பவர் பார்க்க வேண்டியது இதை: மொத்தக் குவியலும் என்ன நிறம் என்பதை விட, குவியலுக்குள் பழுப்பேறிய, மாவு உதிரும் கல் எத்தனை என்பதை.

சார்னோக்கைட்டுக்கு ஓர் உண்மையான சலுகை தரலாம். அது கட்டியான பாறை, உடையும்போது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடையும். நைஸ் பாறையில் தாதுக்கள் வரிவரியாக அடுக்கியிருப்பதால் அந்த வரி வழியே பிளந்து சப்பையாகும். பழைய மேஸ்திரிகள் நீலக் கல்லை விரும்பியதற்கு இந்த வடிவ வேறுபாடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அனுபவம் சரி, அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் வேறு.

ஆற்று மணல் போன கதை

குடகனாறு கீழ்ப்பழனி மலையில் தொடங்கி ஆத்தூர், திண்டுக்கல், வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது. குறுகிய ஓட்டம், மழை பெய்தால் மட்டும் தண்ணீர். மாவட்டத்தின் தெற்கே வைகை ஓடுகிறது. நகருக்கு நல்ல மணல் என்றால் நெடுங்காலம் அது கரூர்ப் பக்கத்துக் காவிரியிலிருந்து லாரியில் வந்த மணல்தான்.

ஏன் காவிரி மணலுக்கு அவ்வளவு மரியாதை? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்ததால் மூலைகள் மழுங்கி உருண்டையான மணி. பலவீனமான தாதுக்கள் வழியிலேயே அரைந்து போய், மிஞ்சியது பெரும்பாலும் குவார்ட்ஸ். வெள்ளம் வரும்போதும் வடியும்போதும் பல அளவு மணிகள் கலந்து படிந்தன. குடகனாறு போன்ற சிற்றாற்று மணலில் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. மணி கூர்மையாக இருக்கும், பயோட்டைட் மைக்கா மின்னும், வண்டல் அதிகம். மைக்கா தகடுகள் நீரைப் பிடித்து வைத்து, சிமெண்டோடு ஒட்டாமல் நழுவும். வெயிலில் மினுமினுக்கும் மணலை அழகென்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. அந்த மினுமினுப்பு எச்சரிக்கை.

2003இல் தமிழ்நாட்டின் சிறுகனிம விதிகளில் 38-ஏ சேர்க்கப்பட்டு ஆற்று மணல் எடுப்பது அரசின் கைக்கு வந்தது. ஆனாலும் ஆறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய மலேசிய மணல் தொடர்பான வழக்கில், 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மாநிலத்தின் மணல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூடச் சொன்னது. அந்த வழக்கின் பின்கதை நீளம். அதற்குள் விலையும் தட்டுப்பாடும் சேர்ந்து கட்டடத் தொழிலை, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பக்கம் தள்ளிவிட்டிருந்தன. 2023இல் மாநில அரசு எம்-சாண்ட் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆற்று மணல் திரும்பி வந்து எல்லாம் பழையபடி ஆகும் என்று காத்திருப்பவர்களுக்கு என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. ஆறு இழந்த மணலை மீண்டும் சேர்க்க எடுக்கும் காலம் மனிதர் வீடு கட்டும் காலத்துக்குள் அடங்காது.

சல்லடை சொல்வது

கான்கிரீட்டில் அளவுப் பரவல் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு எளிது. ஒரே அளவு முக்கால் (20 மி.மீ.) ஜல்லியை ஒரு கன மீட்டர் பெட்டியில் தளர்வாகக் கொட்டினால் சுமார் 1,450 கிலோ பிடிக்கும். அந்தக் கல்லின் ஒப்படர்த்தி 2.7 என்றால், இடைவெளியே இல்லாத கல் 2,700 கிலோ இருக்க வேண்டும். ஆக, பெட்டியில் 46 சதவீதம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை மணல் நிரப்ப வேண்டும், மணலின் வெற்றிடத்தைச் சிமெண்ட் பசை நிரப்ப வேண்டும். நெல்லிக்காய் நிறைந்த பானைக்குள் கொண்டைக்கடலையைக் கொட்டி, அதற்குள் கடுகைக் கொட்டுவது போல. இடையில் ஓர் அளவு இல்லாமல் போனால் அந்த இடத்தையும் சிமெண்டும் தண்ணீரும்தான் அடைக்க வேண்டும். சிமெண்ட் விலை உயர்ந்தது, தண்ணீர் வலிமையைக் குறைப்பது.

இதை முதலில் தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் பிரான்சின் ஃபெரே 1890களில் வெற்றிடத்தைப் பற்றி எழுதினார். 1907இல் அமெரிக்காவில் ஃபுல்லரும் தாம்சனும் மிக நெருக்கமாக அடையும் கலவைக்கு ஒரு வளைகோடு வரைந்தார்கள். 1918இல் டஃப் ஏப்ரம்ஸ், சல்லடைக் கணக்கு முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் நுண்மைக் குணகத்தைத் தந்தார். நம் ஐ.எஸ். 383 முதலில் 1952இல் வந்தது, 1963, 1970, 2016 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2016 திருத்தம் நமக்கு முக்கியம். கட்டட இடிபாட்டுக் கல், உலைக் கசடு போன்றவற்றுக்கு வரம்போடு இடம் கொடுத்தது அதுதான். இடிபாட்டு ஜல்லியை எம்25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம் என்கிறது அது.

மணலை 4.75, 2.36, 1.18 மில்லிமீட்டர், 600, 300, 150 மைக்ரான் சல்லடைகளில் சலித்து, 600 மைக்ரானில் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். 15 முதல் 34 சதவீதம் இறங்கினால் முதல் மண்டலம், பருமணல். 35 முதல் 59 இரண்டாம் மண்டலம், கான்கிரீட்டுக்கு ஏற்றது. 60 முதல் 79 மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது, பூச்சுக்குப் போகும் நுண்மணல்.

இந்தப் பிரிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. எம்-சாண்ட் வாங்குகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது அது. உதாரணத்துக்கு ஒரு மணலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியது, மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால், 4, 18, 38, 56, 78, 92 சதவீதம். கூட்டுத்தொகை 286. நூறால் வகுத்தால் நுண்மைக் குணகம் 2.86. 600 மைக்ரானில் இறங்கியது 44 சதவீதம், இரண்டாம் மண்டலம். மற்ற எல்லாச் சல்லடைகளிலும் எல்லைக்குள் அடங்குகிறது. நல்ல மணல்.

இப்போது இன்னொரு மணல்: 4, 26, 52, 60, 66, 78. இதையும் கூட்டிப் பாருங்கள், அதே 286. அதே 2.86. 600 மைக்ரானில் இறங்கியது 40, அதுவும் இரண்டாம் மண்டலம். ஆனால் 2.36இல் இறங்க வேண்டிய குறைந்தபட்சம் 75, இங்கே 74. 1.18இல் 55 வேண்டும், இங்கே 48. 300இல் 30க்கு மேல் போகக் கூடாது, இங்கே 34. உடைகல் மணலுக்குச் சலுகையாக 150 மைக்ரானில் 20 வரை விடுகிறார்கள், இங்கே 22. ஒரு பக்கம் பருக்கை, இன்னொரு பக்கம் மாவு, நடுவில் இருக்க வேண்டிய மணி இல்லை. கலவை கரண்டிக்கு முரடாக இருக்கும், தண்ணீர் மேலே கக்கும், பம்ப் குழாயில் அடைக்கும். மேஸ்திரி என்ன செய்வார்? ‘கொஞ்சம் தண்ணி விடு’ என்பார்.

இரண்டாவது மணல் வெறும் கற்பனை அல்ல. ஜா கிரஷரும் கோன் கிரஷரும் மட்டும் வைத்து உடைத்துச் சலித்தால் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதற்குக் கிரஷர் டஸ்ட் என்று பெயர். ஜல்லி உடைக்கும்போது கழிவாக விழுவது. எம்-சாண்ட் என்பது கல்லைக் கல்லோடு மோதவிட்டு உடைக்கும் செங்குத்துத் தண்டு இயந்திரத்தில், தொழிலில் வி.எஸ்.ஐ. என்று சொல்வதில், வடிவம் பெற்று, பிறகு கழுவி மாவு குறைக்கப்பட்டது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே லாரி. ரசீதில் எம்-சாண்ட், குவியலில் டஸ்ட் என்பது நம் வட்டாரத்துக்கு மட்டும் உரிய ஏமாற்று அல்ல. ஆனால் நிறம் பார்த்து வாங்கும் ஊரில் அது எளிதில் நடக்கும்.

அதனால் நுண்மைக் குணகம் என்ற ஒற்றை எண்ணைக் காட்டி விற்பவரிடம் முழுச் சல்லடை அட்டவணையைக் கேளுங்கள்.

மாவு எல்லாம் கெட்டதா

மாவு என்றாலே கெட்டது என்ற எண்ணமும் தவறு. 75 மைக்ரானுக்கும் நுண்ணியது ஆற்று மணலில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிற அதே ஐ.எஸ். 383, உடைகல் மணலில் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. காரணம், ஆற்று மணலின் மாவு பெரும்பாலும் களிமண், வண்டல். உடைகல் மணலின் மாவு கல்லின் பொடி. அது வீங்குவதில்லை, சுருங்குவதில்லை, அளவாக இருந்தால் கான்கிரீட்டை வழுவழுப்பாக்கி நீர் கக்குவதைக் குறைக்கவும் செய்யும்.

ஆனால் குவாரியில் மேல்மண்ணை ஒழுங்காக நீக்காமல் பாறையோடு சேர்த்துக் கிரஷருக்குள் தள்ளினால் அந்தக் கல் பொடிக்குள் களிமண் ஒளிந்துவிடும். வழக்கமான ஜாடிச் சோதனை, அதாவது கண்ணாடிக் குடுவையில் மணலையும் உப்புத் தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி வண்டல் படிவதைப் பார்ப்பது, இரண்டையும் பிரித்துக் காட்டாது. மெத்திலீன் நீலச் சாயச் சோதனை காட்டும். களிமண் சாயத்தை உறிஞ்சும், கல் பொடி பெரும்பாலும் உறிஞ்சாது. ஐரோப்பாவில் இது வழக்கமான சோதனை. இங்கே அரிது. எம்-சாண்ட் தரத்தில் ஒரே ஒரு கூடுதல் சோதனைக்கு இடம் இருந்தால் நான் இதைத்தான் சேர்ப்பேன்.

பூச்சுக்கான பி-சாண்ட் வேறு பொருள். கான்கிரீட்டுக்கு வாங்கியதில் மிச்சமானதைச் சலித்துப் பூசுவதும், பி-சாண்டைக் கான்கிரீட்டில் கொட்டுவதும் இரண்டுமே தவறு. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சப்பையும் ஊசியும்

கல்லின் சராசரி அளவில் 0.6 பங்குக்குக் குறைவான தடிமன் உள்ளதைச் சப்பைக் கல் என்றும், 1.8 மடங்குக்கு மேல் நீளமுள்ளதை ஊசிக் கல் என்றும் ஐ.எஸ். 2386இன் முதல் பகுதி வரையறுக்கிறது. இரண்டும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2016 விதி. இது தாராளமான எல்லை. நல்ல வேலைக்குப் பொறியாளர்கள் இதைவிடக் குறைவாகவே கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

சப்பைக் கல் கான்கிரீட்டில் படுத்துக்கொள்ளும். அதன் அடியில் நீர் தேங்கும், தேங்கிய இடம் காய்ந்ததும் வெற்றிடமாகும். கம்பிகளுக்கு நடுவே குறுக்கே மாட்டிக்கொண்டு பின்னால் வரும் கலவையைத் தடுக்கும். சென்ட்ரிங் பிரித்த பிறகு தூணின் அடியில் கல் தெரிய ஹனிகோம்ப் விழுந்திருந்தால், வைப்ரேட்டர் போட்டவரைத் திட்டுவதற்கு முன் ஜல்லிக் குவியலில் ஒரு கை அள்ளிப் பார்ப்பது நல்லது. வடிவத்துக்குத் தண்ணீரிலும் விலை உண்டு. கலவை விகிதத்துக்கான ஐ.எஸ். 10262, 20 மி.மீ. கூர்மூலை ஜல்லிக்கு ஒரு கன மீட்டருக்கு 186 கிலோ தண்ணீரில் தொடங்கி, மூலை மழுங்கிய கல்லுக்கு அதிலிருந்து 10 கிலோவும் அதற்கு மேலும் குறைக்கச் சொல்கிறது. குறையும் தண்ணீருக்கேற்ப சிமெண்டும் குறையும்.

ஒரு காலத்தில் கைச் சுத்தியலால் உடைத்த ஜல்லி வந்துகொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக வெயிலில் உட்கார்ந்து உடைத்த அந்த ஜல்லியின் வடிவம் நன்றாக இருந்தது என்று வயதான கொத்தனார்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளலாம். அதற்காக அந்த வேலையை ஏக்கத்தோடு நினைக்கத் தேவையில்லை. உடைத்தவர்களின் கையும் கண்ணும் நுரையீரலும் அதற்கு என்ன விலை கொடுத்தன என்பது நமக்குத் தெரியும். இன்றைக்கு அதே வடிவத்தைத் தரும் இயந்திரம் இருக்கிறது. அதை ஓட்டும் மின்செலவையும் தேய்மானத்தையும் மிச்சம் பிடிப்பவர் சப்பைக் கல்லை விற்கிறார்.

முக்கால், அரை, ஒன்றரை

நம் ஊரில் ஜல்லிக்கு இன்னும் அங்குலக் கணக்குதான். ஒன்றரை ஜல்லி 40 மி.மீ., முக்கால் ஜல்லி 20, அரை ஜல்லி 12, கால் ஜல்லி அல்லது சிப்ஸ் 6. ஒன்றரை அடித்தளத்தின் கீழ் போடும் வெறும் கான்கிரீட்டுக்கு, முக்கால் தூண், பீம், கூரைக்கு. ஐ.எஸ். 456 சொல்லும் விதி: ஜல்லியின் பேரளவு உறுப்பின் குறைந்த தடிமனில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. கம்பி நெருக்கமாக இருந்தால் கம்பி இடைவெளியிலோ கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமனிலோ (மூடல்) எது குறைவோ, அதைவிட 5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். 20 மி.மீ. மூடல் வைத்துவிட்டு முழுக்க முக்கால் ஜல்லி போட்டால் கீழே கம்பி தெரியும் கூரைதான் மிஞ்சும்.

முக்கால் ஜல்லி மட்டும் போடுவது நம் வட்டாரத்தின் பொதுப் பழக்கம். இது தவறு என்பதே என் தீர்ப்பு. 20 மி.மீ. கலப்பு ஜல்லிக்கு 10 மி.மீ. சல்லடையில் 25 முதல் 55 சதவீதம் இறங்க வேண்டும். முக்கால் ஜல்லியில் மட்டும் அது 20ஐத் தாண்டாது. அதனால் 60 பங்கு முக்கால், 40 பங்கு அரை என்று கலக்கச் சொல்கிறார்கள். நல்ல வழக்கம், ஆனால் வேதவாக்கு அல்ல. முக்காலில் 10 மி.மீ. வழியே இறங்குவது 10 சதவீதம், அரையில் 45 சதவீதம் என்று வைத்தால் கலவையில் இறங்குவது 6 கூட்டல் 18, அதாவது 24. எல்லையை எட்டவில்லை. அரையில் 60 சதவீதம் இறங்கினால் 30, தேறிவிடும். ஒவ்வொரு கிரஷரின் சல்லடைக் கம்பியும் தேய்ந்திருக்கும் அளவு வேறு. ஆகவே விகிதம் அந்தந்தக் குவியலைச் சலித்த பிறகுதான் தெரியும்.

மணலின் மண்டலமும் இந்தக் கணக்கைத் திருப்பும். ஐ.எஸ். 10262 கணக்கில் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5, 20 மி.மீ. ஜல்லி என்றால் மொத்தக் கல்-மணலில் ஜல்லியின் பங்கு முதல் மண்டல மணலோடு 0.60, இரண்டாவதோடு 0.62, மூன்றாவதோடு 0.64, நான்காவதோடு 0.66. மணல் நுண்ணியதாக ஆக ஆக அது குறைவாகப் போதும். ஆண்டுக்கணக்காக ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று ஒரே சட்டியால் அளந்து போடுகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாகவே இருக்கும்.

ஈரம் செய்யும் வேலை

கழுவிய எம்-சாண்ட் ஈரமாகவே வருகிறது. ஈரமான மணல் உப்பும். மணிகளைச் சுற்றி ஒட்டும் நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி வைக்கிறது. 4, 5 சதவீத ஈரத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை கன அளவு கூடலாம். முழுக்க நனைத்துவிட்டால் திரும்பப் பழைய அளவுக்கு அமுங்கிவிடும்.

இதற்கு இரண்டு விளைவுகள். ஒன்று பணம். யூனிட் என்பது 100 கன அடி. 25 சதவீதம் உப்பிய மணலை யூனிட் கணக்கில் வாங்கினால் உண்மையில் வாங்குவது 80 கன அடி உலர் மணல். லாரி குலுங்கிக் கொஞ்சம் அமுங்கும் என்பதைக் கழித்தாலும் நட்டம் சிறியதல்ல. டன் கணக்கில் வாங்கினால் 5 சதவீத ஈரத்துக்கு 5 சதவீத நட்டம் மட்டும். எம்-சாண்டை எடை போட்டு வாங்குவதே வாங்குகிறவருக்கு லாபம்.

இன்னொன்று வலிமை. எம்20 கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 தரும் வழக்க அளவு: 50 கிலோ சிமெண்டுக்கு ஜல்லியும் மணலும் சேர்ந்து 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர். மணல் ஒரு பங்கு, ஜல்லி இரண்டு பங்கு என்றால் மணல் சுமார் 83 கிலோ. அதில் 5 சதவீத ஈரம் என்றால் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் யாரும் ஊற்றாமலே கலவைக்குள் போகிறது. நீர்-சிமெண்ட் விகிதம் 0.60இலிருந்து 0.68 ஆகிறது. அதே நேரம் உப்பிய மணலைச் சட்டியில் அளந்தால் மணல் குறைந்து கலவை முரடாகிறது, முரடானதைச் சரிக்கட்ட இன்னும் ஒரு குடம். சித்திரை வெயிலில் நேர்மாறு: காய்ந்து சுட்ட ஜல்லி கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், கலவை சீக்கிரம் இறுகும். குவியலுக்கு நிழல் போட்டு, முதல் நாள் மாலையே ஜல்லியில் தண்ணீர் தெளித்து வைப்பது நம் ஊர் வெயிலில் செலவில்லாத தரக்கட்டுப்பாடு.

உப்பும் மெதுவான வினையும்

திண்டுக்கல்லுக்கே உரிய ஒரு கவலை தண்ணீர். தோல் பதனிடும் தொழில் நகரின் சுற்றுப்புற நிலத்தடி நீரை எப்படி உப்பாக்கியது என்பதை ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்குகிறவர்கள்கூட, எம்-சாண்ட் எந்தக் கிணற்று நீரில் கழுவப்பட்டது என்று கேட்பதில்லை. அந்த நீர் மணலோடு ஒட்டி வந்து கான்கிரீட்டுக்குள் போகிறது. கம்பி துருப்பிடிக்க அதுவே போதும். ஆகவே கழுவும் நீரின் சோதனை அறிக்கையும் மணலின் தரச் சான்றோடு சேர வேண்டும்.

காரம்-சிலிக்கா வினை என்பது வேறு வகை ஆபத்து. ஒடிசாவின் ஹிராகுட், உத்தரப் பிரதேசத்தின் ரிஹாண்ட் அணைகளில், அழுத்தத்தில் நெளிந்த குவார்ட்ஸ் கொண்ட கல் சிமெண்டின் காரத்தோடு பல ஆண்டுகளாக வினைபுரிந்து கான்கிரீட்டை வீங்கச் செய்தது. நம் நைஸ், கிரானைட் பாறைகளிலும் அத்தகைய குவார்ட்ஸ் இருக்க வாய்ப்புண்டு. வறண்ட சமவெளியின் சாதாரண வீட்டுக்கு இது பெரிய கவலை அல்ல, ஏனெனில் வினைக்குத் தொடர்ந்த ஈரம் வேண்டும். மேல்நிலை நீர்த்தொட்டி, தடுப்பணை, பாலத்தின் அடித்தூண் கட்டுகிறவர்கள் சோதிக்காமல் விடக் கூடாது. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட் இதற்கு நல்ல தடுப்பு.

யார் பார்க்க வேண்டும்

எம்-சாண்ட் ஆலைகளுக்குப் பொதுப்பணித் துறை தரச் சான்று தருகிறது. சான்று ஒரு நாளின் மாதிரிக்கு. கிரஷரின் தாடைத் தகடு தேயும், சல்லடை கிழியும், குவாரியில் தோண்டும் மட்டம் மாறும். இன்றைய லோடு அந்த நாளின் மாதிரியைப் போல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பேச்செல்லாம் வரியையும் விலையையும் பற்றி இருந்தது. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருக்கலாம். தரத்தைப் பற்றி எந்தத் தரப்பும் பேசவில்லை என்பதுதான் என் குறை.

2014இல் மாநகராட்சியான திண்டுக்கல், கட்டட அனுமதிக்கு வரைபடம் கேட்கிறது, பொறியாளர் கையெழுத்து கேட்கிறது. ஜல்லிக்கும் மணலுக்கும் ஒரு சல்லடை அறிக்கையைக் கேட்பதில்லை. சோதனைக்குத் தேவையானவை ஒரு சல்லடைத் தொகுதி, ஒரு தராசு, ஓர் அடுப்பு. கட்டடவியல் கற்பிக்கும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இவை இருக்கின்றன, மாணவர்கள் ஆண்டுதோறும் தேர்வுக்காக அதே சோதனையைச் செய்கிறார்கள். அந்த ஆய்வகங்களைக் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட மாநகராட்சியும் கல்லூரிகளும் முன்வர வேண்டும். வீடு கட்டுகிறவர் அதுவரை செய்யக்கூடியது: அடுத்த லோடு இறங்குமுன் கிரஷரிடம் அந்த வாரத்துச் சல்லடை அட்டவணையைக் கேளுங்கள், ஆறு சல்லடைகளின் எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தர மறுத்தால் வேறு கிரஷரிடம் வாங்குங்கள்.